வெந்நீர் தெளித்த வாசல்

இத்தனை வயசுக்கு ஒரே ஒரு ஆளைத்தான் நான் கீழே தள்ளியிருக்கிறேன். அதுவும் தொடாமல். அவர் விழும்போது நான் வீட்டுக்குள் சன்னல் ஓரமாகக் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தேன். விழுந்தவர் என் மகனுக்குப் பெண் கொடுக்க வந்தவர். கொடுக்கலாமா வேண்டாமா என்று பார்க்க வந்தவர் என்று சொன்னால் இன்னும் சரியாக இருக்கும்.

ஆம்பளைகள் முன்னால் எனக்குச் சின்ன வயசிலிருந்தே வாய் திறக்காது. ஐந்தாம் வகுப்பு வரை படித்தேன். வாத்தியார் பேர் கூப்பிட்டால் பக்கத்துப் பிள்ளைதான் எனக்கும் சேர்த்து 'உள்ளேன் ஐயா' சொல்லும். (அவள் வராத நாளெல்லாம் நானும் வராதவள்தான்.) டவுன் பஸ்ஸில் எங்கள் சீவலப்பேரி வந்த பிறகும் 'இறங்கணும்' என்று கண்டக்டரிடம் சொல்லக் கூச்சப்பட்டு, அடுத்த ஊரில் இறங்கி வெயிலில் நடந்து திரும்பியிருக்கிறேன். இப்படிப்பட்டவளை என் மகன் முருகேசன் ஏரோப்பிளேனில் ஏற்றிக் கனடாவுக்கு வரவழைத்தான்.

அவன் பேட்டையில் ஐ.டி.ஐ. படித்து, வெல்டிங் பழகி, முதலில் துபாய்க்குப் போனான். அங்கிருந்து கனடா. அவன் அப்பா தவறின பிறகு நான் தனியாக இருக்கிறேனென்று, ஆறு மாசம் கூட இருக்கட்டும் எனக் கூப்பிட்டுக்கொண்டான். நான் போய்ச் சேர்ந்தது கார்த்திகை மாசம்.

முதல் பனியை நான் பார்க்கவே இல்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்தேன். முழித்தால் தெரு இல்லை. எதிர் வீட்டு வேலி இல்லை, குப்பைத் தொட்டி இல்லை. யாரோ சிலேட்டை ஒரே துடைப்பாகத் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மழை என்றால் முதலில் வாசனை வரும், பிறகு ஓட்டில் சத்தம் வரும். ஆற்றில் வெள்ளம் வந்தால் இரைச்சல் வீட்டுக்கே கேட்கும். இது ஒன்றுமே சொல்லாமல் வந்து உட்கார்ந்திருந்தது. வந்ததே தெரியாமல் வந்து, மூலையில் இடம்பிடித்து, பேசாமல் இருக்கிறதே, நம்ம சாதி போல என்று நினைத்தேன். அன்றைக்கே அதன் மேல் ஒரு பிரியம் வந்துவிட்டது.

அதற்குப் பிறகு எனக்கு வேலை சன்னல்தான். மகன் காலையில் போனால் சாயங்காலம்தான் வருவான். நான் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து பனி விழுவதைப் பார்ப்பேன். ரொம்ப நேரம் பார்த்தால் பனி கீழே விழவில்லை, வீடுதான் மேலே போகிறது என்று தோன்றும். நானும் நாற்காலியும் அடுப்படியும் பைய மேலே போவோம். எவ்வளவு நேரமென்று தெரியாது. குக்கர் விசில் அடித்து என்னைக் கீழே இறக்கும்.

டிவியில் எந்நேரமும் ஒரு பெரிய படம் போடுவார்கள். அந்தத் தேசம் மொத்தமும், அதற்குக் கீழே அமெரிக்காவும், ஒரு கடலிலிருந்து மறு கடல் வரைக்கும் அதில் இருக்கும். மேற்குக் கடல் பக்கம் வெள்ளையாக ஒரு திட்டு கிளம்பும். மறுநாள் மலையைத் தாண்டும். அடுத்த நாள் சமவெளி. அதற்கடுத்த நாள் எங்கள் வீட்டு வாசல். எனக்கு அது சுலபமாகப் புரிந்தது. பாபநாசத்தில் அணையைத் திறந்தால் சேதி முதலில் வரும், தண்ணீர் பிறகுதானே நம்ம ஊருக்கு வரும். அதே கணக்குத்தான். என்ன, இங்கே அணைக்கும் வாசலுக்கும் நடுவில் ஒரு கண்டமே கிடக்கிறது. அந்தக் குளிர்காலம் முழுக்க இப்படி ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டே இருந்தன. எந்த ஊரிலோ கரண்ட் கம்பி அறுந்ததையும், எந்தச் சாலையிலோ லாரிகள் வரிசையாகப் புதைந்து நிற்பதையும் காட்டுவார்கள். பாஷை தெரியாததால் எனக்கு எல்லாமே ஊமைக் கனவு.

ஒரே ஒரு குறைதான் இருந்தது. மார்கழி முழுக்க வாசலில் ஒரு கோலம் போட முடியவில்லை. தரையைக் கண்ணால் பார்த்தால்தானே. சன்னல் கண்ணாடியில் மூச்சு பட்டுப் படியும் ஈரத்தில் விரலால் சின்னதாகப் போடுவேன். கோலம் காப்பி ஆறுவதற்குள் வழிந்துவிடும்.

இந்த நிலைமையில்தான் மகன் தலையைச் சொறிந்துகொண்டு வந்து நின்றான். அவன் தொழிற்சாலை ஆபீஸில் வேலை பார்க்கும் கிளாரா என்ற பிள்ளையைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறான். அந்தப் பிள்ளை இரண்டு தடவை வீட்டுக்கு வந்திருந்தது. அதற்கு நான் 'அத்தை'. தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து ரசத்தைக் கையில் ஊற்றிக் குடித்தது. எனக்குப் பிடித்துவிட்டது. சிக்கல் அவள் அப்பாவிடம்.

அவர் பேர் வால்டர். அந்த ஊர் ரோட்டில் பனி தள்ளும் வண்டி ஓட்டுகிறவர். முப்பது வருசமாக ஊரார் வாசலையெல்லாம் பார்த்துப் பார்த்து, வாசலை வைத்தே ஆளை எடைபோடுகிற பழக்கம் அவருக்கு வந்துவிட்டது. அந்த ஊரில் அவரவர் வீட்டுப் படியையும் நடைபாதையையும் அவரவர்தான் சுத்தமாக வைக்க வேண்டும். யாராவது வழுக்கி விழுந்தால் வீட்டுக்காரனுக்குத்தான் தலைகுனிவு. 'வெயில் ஊரிலிருந்து வந்த பையன். ஒரு பனிக்காலத்தைத் தாங்கி ஒரு வீட்டைப் பார்ப்பானா? அவன் படியை ஒரு நாள் வந்து பார்க்கிறேன். அதைப் பார்த்தால் எனக்குத் தெரிந்துவிடும்' என்று மகளிடம் சொல்லியிருக்கிறார்.

"அவ்வளவுதானம்மா. வேற ஒண்ணும் கேக்கல. சாதி கேக்கல, சம்பளம் கேக்கல. படியத்தான் பாக்க வாராரு" என்றான் முருகேசன்.

மார்கழியில் இந்தப் பேச்சே கூடாது, தை பிறக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். தை ஒன்றாம் தேதி, பொங்கலன்று, காலை பத்து மணிக்கு வருவதாக முடிவாயிற்று. டிவி படத்தில் அப்போது ஒரு பெரிய வெள்ளை சமவெளியில் உருண்டுகொண்டிருந்தது. அது சாயங்காலம்தான் நம்மிடம் வரும், அதற்குள் அவர்கள் பார்த்துவிட்டுப் போய்விடலாம் என்றான் மகன்.

முந்தின நாள் வேலை விட்டு வந்ததும் அவன் வாசலில் இறங்கினான். மூன்று படி, அதிலிருந்து ரோடு வரை நடைபாதை. மண்வெட்டியும் கையுமாக வெட்டினான். நான் சன்னலிலிருந்து பார்த்துக்கொண்டே இருந்து, வழக்கம்போல ஏழு மணிக்கே படுத்துவிட்டேன். நான் படுத்த பிறகு அவன் என்ன செய்தான் என்பதுதான் எனக்குத் தெரியாது.

பொங்கலன்று விடிவதற்கு முன்னால் எழுந்து, குளித்து, மெதுவாக வாசல் கதவைத் திறந்தேன். விளக்கு வெளிச்சத்தில் தரை தெரிந்தது. சிமெண்டுத் தரை. இரண்டு மாசத்துக்குப் பிறகு தரை. பார்த்ததும் கண் கலங்கிவிட்டது.

அடுத்த நிமிசம்தான் கவனித்தேன். படியிலிருந்து நடைபாதை முழுக்க யாரோ கல்லுப்பை வாரி இறைத்திருக்கிறார்கள்.

மகனுக்குப் பெண் பேச வருகிற நாள். நல்ல நாள். வாசல் நிறைய உப்பு. நான் என்ன நினைப்பேன்? எவனோ பொறாமைக்காரன் திருஷ்டி கழித்ததைக் கொண்டுவந்து நம்ம வாசலில் கொட்டியிருக்கிறான் என்றுதான் நினைத்தேன். (அந்த ஊரில் முருகேசன் மேல் பொறாமைப்பட்டு இத்தனை உப்பு வாங்கிச் செலவழிக்க யார் இருக்கிறார்கள் என்று யோசிக்கவில்லை.) அப்படியே இல்லாவிட்டாலும் உப்பு லட்சுமி. வருகிறவர்கள் அதை மிதித்துக்கொண்டா உள்ளே வருவார்கள்? மிதிக்கிற பாவம் அவர்களுக்கு, மிதிக்கவிட்ட பாவம் எனக்கு.

மகனுடைய பூட்ஸை மாட்டிக்கொண்டேன். அடியில் ஆணி ஆணியாக இருக்கும் பூட்ஸ். உள்ளே மூன்று சாக்ஸ். சேலைக்கு மேல் அவன் கோட்டு. விளக்குமாற்றால் கூட்டி, கையால் பொறுக்கி, ஒரு கல் விடாமல் அள்ளினேன். பெரிய சருவச்சட்டி ஒன்று நிறைந்தது. அதை அடுப்படியில் பாத்திரம் கழுவும் தொட்டிக்குக் கீழே மூடி வைத்தேன். மகனிடம் இப்போது சொல்ல வேண்டாம், நல்ல நாளும் அதுவுமாகப் பயந்துவிடுவான் என்று எண்ணம்.

உப்பு பட்ட இடத்தைக் கழுவ வேண்டாமா? இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். அந்தக் குளிரில் தண்ணீர் ஊற்றினால் உறைந்துபோகும் என்பது எனக்குத் தெரியும். நான் ஒன்றும் விவரமில்லாதவள் இல்லை. அதனால்தான் நான் பச்சைத் தண்ணீர் ஊற்றவில்லை. நன்றாகக் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் வைத்து ஊற்றினேன்.

மஞ்சள் கரைத்த வெந்நீர். ஐந்து வாளி. முதல் வாளியை வீசித் தெளித்ததும் ஆவி புகைபோல் எழுந்தது. எனக்கு முன்னால் ஒன்றும் தெரியவில்லை, பின்னாலும் ஒன்றும் தெரியவில்லை. விளக்கு வெளிச்சம் அதில் கலந்து மஞ்சளாக, நான் ஒரு மேகத்துக்குள் விளக்குமாற்றோடு நின்றுகொண்டிருந்தேன். தெருவில் ஒரு சத்தமில்லை. ஆவிக்குள்ளிருந்து நம்ம ஆற்றங்கரைப் பெண்டுகள் குடத்தோடு ஏறி வந்தால்கூட நான் அதிசயப்பட்டிருக்க மாட்டேன்.

ஆவி அடங்கியதும் அரிசிமாவால் கோலம் போட்டேன். பதினைந்து புள்ளி, நடுவில் பொங்கல் பானை, இரண்டு பக்கமும் கரும்பு. என் ஆயுசில் அப்படி ஒரு கோலம் வந்ததில்லை. ஒரு இழை கலையவில்லை. முடித்துவிட்டுப் படியேறித் திரும்பிப் பார்த்தால், கண்ணாடி போட்ட சாமி படம் மாதிரி பளபளக்கிறது. வெளிநாட்டுச் சிமெண்டு ஒசத்தி என்று நினைத்துக்கொண்டேன்.

மகன் எழுந்து, பின்பக்கக் கதவு வழியாகப் போய், பின்னால் நின்ற காரை எடுத்துக்கொண்டு கடைக்குப் போய், பின்பக்கமாகவே திரும்பி வந்தான். முன்வாசலைப் பார்க்கவே இல்லை. நேற்றே செய்து முடித்த வேலையை யார் போய்ப் பார்ப்பார்?

சரியாகப் பத்து மணிக்குக் கார் வந்து நின்றது. நான் சன்னலுக்கு ஓடினேன். வால்டர் இறங்கினார். நல்ல ஆகிருதி. நடைபாதையின் இரண்டு ஓரமும் முருகேசன் சுவர் மாதிரி நேராக வெட்டியிருந்த பனியைப் பார்த்தார். தலையை ஆட்டினார். 'ஆச்சு, சம்பந்தம் முடிஞ்சுது' என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். பிறகு கோலத்தைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். அதை மிதிக்கக்கூடாது என்று அந்தப் புண்ணியவானுக்கு யார் சொன்னார்களோ, காலை அகல எடுத்துப் பானைக்கு அந்தப் பக்கம் வைத்தார்.

பனி விழுவது மாதிரியேதான் அவரும் விழுந்தார். சத்தமே இல்லை. மல்லாந்து, கரும்பு மேல் வழுக்கிக்கொண்டு, பைய நிதானமாகத் திரும்பிப் போய், தன்னுடைய கார் டயரில் கால் முட்டி நின்றார். அவர் வீட்டம்மா மார்த்தா தூக்கப் போய் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். கிளாரா ஓடி வந்து அம்மா மடியில் விழுந்தாள். அந்த நேரம் பார்த்து என் மகன் சிரித்த முகத்தோடு வாசல் கதவைத் திறந்து, கையைக் கூப்பிக்கொண்டே மூன்று படியையும் ஒரே படியாக இறங்கினான்.

நாலு பேரும் பதினைந்து புள்ளிக் கோலத்துக்குள் கிடந்தார்கள். நான் ஒருத்திதான் நின்றுகொண்டிருந்தேன்.

எப்படியோ தவழ்ந்து உள்ளே வந்தார்கள். வால்டருக்கு இடது மணிக்கட்டு வீங்கிவிட்டது. கிளாரா துணியால் கட்டினாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று கிளம்புவதற்குள், சாயங்காலம் வர வேண்டிய புயல் அவசரப்பட்டு முன்னாலேயே வந்துவிட்டது. சன்னலுக்கு வெளியே ஒன்றுமே இல்லை. வெள்ளைகூட இல்லை, வெறும் சுழல். ரோட்டை மூடிவிட்டார்களாம். பெண் பார்க்க... இல்லை, படி பார்க்க வந்தவர்கள் எங்கள் வீட்டிலேயே மாட்டிக்கொண்டார்கள்.

வால்டர் கோபப்பட்டிருந்தால் தேவலை. அவர் கத்தவில்லை. முருகேசனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். அதில் எனக்கு ஒரு வார்த்தைதான் புரிந்தது. சால்ட். உப்புப் பொட்டலத்தில் படித்த வார்த்தை. மகன் பதறிப்போய் ஏதோ சொன்னான், கைகளை அகல விரித்துக் காட்டினான். அவர் வாசல் பக்கம் பார்த்தார், மகனைப் பார்த்தார், முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மகன் அடுப்படிக்கு வந்தான். முகம் செத்திருந்தது.

"யம்மா, ஒரு மூடை உப்பு போட்டேம்மா. வழுக்கக்கூடாதுன்னு பனிக்குப் போடுத உப்பு. இத்தன நாளும் மணல்தான் போட்டேன், இவரு வாராருன்னு உப்பா வாங்கிப் போட்டேன். ஒரு கல்லுகூட இல்லியே, எங்கன போச்சு? அவரு என்னயப் பொய்க்காரன்னு நெனைக்காரு. படிய விடும்மா, பொய் சொல்லுதவனுக்கு எவன் பொண்ணு குடுப்பான்?"

உப்பு அவன் முழங்காலுக்கு நேராகத் தொட்டிக்கு அடியில் இருந்தது. நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? நான் சொன்னது, "பொங்கல் ஆறுதுலே, அவியளச் சாப்பிடச் சொல்லு."

சொல்ல வேண்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் வாய் வரவில்லை. மகனிடம் சொல்லியிருக்கலாம்தான். சொன்னால் அவன் போய் 'எங்கம்மா செஞ்ச வேலை' என்று கூடத்தில் சொல்வான், எல்லோரும் திரும்பி என்னைப் பார்ப்பார்கள். அத்தனை கண் ஒன்றாக என் மேல் படுவதை நினைத்தாலே எனக்கு ஓடி ஒளியத் தோன்றும். அந்தக் கூச்சத்துக்காக மகன் கல்யாணத்தையே பலி கொடுக்கத் துணிந்த மகராசி நான். பொங்கலும் சாம்பாரும் பரிமாறினேன். வால்டர் ஒற்றைக் கையால் சாப்பிட்டுவிட்டு மரியாதையாக நன்றி சொன்னார். மகன் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. அன்று முழுக்கக் காற்று வீட்டைப் பிடித்து உலுக்கியது. ஐந்து பேரும் டிவி முன்னால் உட்கார்ந்து, படத்தில் அந்த வெள்ளை எங்கள் தலைமேல் நகராமல் நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வெளியே கண்டம் மொத்தமும் புதைந்துகொண்டிருக்கிறது. உள்ளே நான் ஒரு சட்டி உப்பைப் புதைத்து வைத்திருக்கிறேன்.

மறுநாள் காலையும் பனி நிற்கவில்லை. எழுந்து போனால் அடுப்படியில் கிளாரா நிற்கிறாள். குழாயைத் திறந்துவிட்டு, கழுவின தம்ளரையே திரும்பத் திரும்பக் கழுவுகிறாள். அழுகிறாள். என்னைப் பார்த்ததும் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தனக்குத் தெரிந்த தமிழில், "அப்பா வேண்டாம் சொல்றார், அத்தை" என்றாள்.

அவள் காலுக்குப் பக்கத்தில்தான் சட்டி. குனிந்து எடுத்தேன். கனமாக இருந்தது. எடுத்துக்கொண்டு நேராகக் கூடத்துக்குப் போய், வால்டருக்கு முன்னால் மேசை மேல் வைத்து, மூடியைத் திறந்தேன். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பயந்த அந்தப் பார்வைதான். நான் விளக்குமாற்றைப் பிடிக்கிற மாதிரி பிடித்துக் கூட்டிக் காட்டினேன். அள்ளிக் காட்டினேன். வாளியைத் தூக்கித் தெளித்துக் காட்டினேன். புள்ளி வைத்தும் காட்டினேன். அதற்குமேல் காட்டுவதற்கு ஒன்றுமில்லாமல் போனதால் வேறு வழியில்லாமல் வாயைத் திறந்தேன்.

"அண்ணாச்சி, எம் பிள்ள உப்பு போட்டான். நான்தான் அள்ளிட்டேன். உப்ப மிதிக்கப்படாதுல்லா, அதான். அவன் பொய் சொல்லமாட்டான். உங்களத் தள்ளிவிட்டது நான்தான்."

அந்நிய ஆம்பளையிடம் நான் பேசிய முதல் நீளமான பேச்சு இது. அதுவும் அவருக்குத் தெரியாத பாஷையில். முருகேசன் வாயைப் பிளந்துகொண்டிருந்தவன், பிறகு தடுமாறித் தடுமாறி இங்கிலீசில் சொன்னான். வால்டர் சட்டிக்குள் விரலை விட்டு உப்பைத் தேய்த்துப் பார்த்தார். என்னைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"தண்ணி எவ்வளவு சூடுன்னு கேக்காரும்மா" என்றான் மகன்.

கொதிக்கக் கொதிக்க என்றேன். எத்தனை வாளி என்றார். ஐந்து என்று விரலை விரித்தேன். அவர் நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. கை வலியில் அழுகிறார் என்று நான் பயந்தே போனேன். அவர் சிரித்துக்கொண்டிருந்தார். மார்த்தாவும் சிரிக்க ஆரம்பித்து, சிரிப்பு தாங்காமல் என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

விசயம் என்னவென்றால், அந்த ஊரில் பிள்ளைகள் சறுக்கி விளையாட ஐஸ் தரை போடுவார்களாம். அதற்கு வெந்நீர்தான் ஊற்றுவார்களாம். பச்சைத் தண்ணீரைவிட வெந்நீர்தான் கண்ணாடியாக, மேடுபள்ளம் இல்லாமல் உறையுமாம். பள்ளிக்கூடத்துக்கு வருசா வருசம் அந்த வேலையைச் செய்துகொடுப்பவர் நம்ம வால்டர்தான். 'இத்தனை வருசத்தில் இவ்வளவு சமமான தரை எனக்கு ஒருநாள்கூட அமைந்ததில்லை. அதுவும் பூப்போட்டு' என்றாராம். பிறகு எழுந்து போய் முருகேசனுக்கு நல்ல கையைக் கொடுத்தார். அவன் அதை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

அன்று மத்தியானம் புயல் வடிந்தது. போகும்போது என் பேரைக் கேட்டார். ஆவுடையம்மாள் என்று நானே என் வாயால் சொன்னேன். அவர் இரண்டு தடவை சொல்லிப் பார்த்து, 'ஆவுடை' வரைக்கும் வந்து நின்றுகொண்டார். கையில் லேசான விரிசல் என்று பிறகு ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். கல்யாணத்துக்குள் கட்டு அவிழ்ந்துவிட்டது.

ஆறேழு வருசம் ஆகிறது. நான் ஊருக்குத் திரும்பி வந்துவிட்டேன். அந்தக் குடும்பத்தில் இப்போது புயலை அளப்பதற்கு நான்தான் படி. குளிர்காலம் வந்தால் சம்பந்தியார் வண்டியிலிருந்தே வீடியோவில் கூப்பிடுவார். கண்ணாடிக்கு வெளியே பனி பறந்துகொண்டிருக்கும். 'கால் ஆவுடை' என்பார். ஒருவரும் விழவில்லை, ரோடு மட்டும் அடைத்திருக்கிறது என்று அர்த்தம். தபால்காரர் சறுக்கி உட்கார்ந்தார் என்றால் அரை ஆவுடை. போன குளிரில் மேற்குக் கடலிலிருந்து கிழக்குக் கடல் வரைக்கும் ஒரு ஊர் விடாமல் மூடிவிட்டதாம், கரண்ட் இல்லையாம், பள்ளிக்கூடம் இல்லையாம். அதுவே முக்கால்தானாம். முழு ஆவுடை இன்னும் வரவில்லை. அதற்கு ஒரே வாசலில் நாலு பேர் விழ வேண்டும்.

இங்கே சித்திரை வெயிலில் மத்தியானம் காற்றாடியைப் போட்டுப் படுத்தால், கண்ணை மூடினதும் அந்தத் தேசம் வந்துவிடுகிறது. ஒரு கடலிலிருந்து மறு கடல் வரைக்கும் என் பேர் சத்தமே இல்லாமல் விழுந்துகொண்டே இருக்கிறது. நானும் கட்டிலும் பைய மேலே போகிறோம். அப்புறம் எங்கேயோ ஒருத்தர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு காலை அகல எடுத்துவைக்கிறார். திடுக்கென்று முழித்துக்கொள்கிறேன்.